மீண்டும் வாராத நோய்: அர்-ராஸீயின் வினாவும் உடலின் விடையும்

பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் நாளேடுகளில் வீட்டு வேலைக்கு ஆள் வேண்டி வெளிவந்த விளம்பரங்களில் ஒரு நிபந்தனை அடிக்கடி காணப்பட்டது. வேலைக்கு வருபவர் முன்னரே பெரியம்மை கண்டு தேறியவராக இருத்தல் வேண்டும் என்பதே அது. முகமெல்லாம் தழும்பேறிய ஒருவரைச் சமையற்கட்டிலும் குழந்தையின் தொட்டிலருகிலும் அமர்த்திக்கொள்ள அவ்வீட்டார் விரும்பியதற்குக் காரணம் இரக்கம் அன்று. வைசூரி கண்டு பிழைத்தவரை அந்நோய் மறுமுறை தீண்டாது. அவர் வழியாக அது வீட்டுக்குள் நுழையாது என்னும் அனுபவ அறிவே காரணம்.

இவ்வறிவு மிகப் பழையது. கி.மு. 430 இல் ஏதென்ஸ் நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது, நோயுற்றுத் தேறியவர்களே அச்சமின்றிப் பிறருக்குப் பணிவிடை செய்தனர் என்றும், உயிர் போக்கும் அளவுக்கு அந்நோய் அவர்களை மறுமுறை பற்றவில்லை என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் பதிவு செய்துள்ளார். ஆயினும் ஒன்றைக் கண்டு சொல்வது வேறு. அஃது ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்று வினவுவது வேறு. அம்மை நோய் குறித்து அந்த இரண்டாவது பணியை ஒழுங்குறச் செய்த பழைய நூல்களுள் தலையாயது, அரபு மொழியில் எழுதப்பட்ட ஒரு சிறிய நூலாகும்.

அந்நூல் எழுப்பிய வினாவைப் பின்தொடர்ந்து, பக்தாதிலிருந்து சோமாலியாவின் மெர்க்கா நகரம் வரை செல்ல இக்கட்டுரையில் முயல்கிறோம். முன்னோரின் பெருமையைப் பேசுவது மட்டும் நம் நோக்கம் அன்று. அப்பெருமைக்கு இன்று நாம் எவ்வகையில் உரியவர்கள் என்பதை நேர்மையுடன் கேட்டுப் பார்ப்பதும் நோக்கமாகும்.

பக்தாதில் எழுந்த வினா

அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்-ராஸீ ஹிஜ்ரி 251 (கி.பி. 865) அளவில் ஈரானின் ரய் நகரில் பிறந்தவர், ஹிஜ்ரி 313 (கி.பி. 925) அளவில் அங்கேயே மறைந்தவர். ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர். அவர் எழுதிய 'கிதாபுல் ஜுதரீ வல்ஹஸ்பா' என்னும் நூல் பெரியம்மை, தட்டம்மை ஆகிய இரு நோய்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்கிறது. நம் பக்கத்தில் 'மணல்வாரி' என்று வழங்கும் தட்டம்மையே அரபு மொழியில் 'ஹஸ்பா'.

இவ்விரு நோய்களை முதன்முதலில் குறிப்பிட்டவர் அர்-ராஸீ அல்லர். அலெக்ஸாந்திரியாவைச் சேர்ந்த அஹ்ரூன் என்னும் பாதிரியார் போன்ற முன்னையோரின் குறிப்புகளை அவரே எடுத்தாள்கிறார். அவருடைய சிறப்பு வேறிடத்தில் உள்ளது. நோயாளியின் அருகிலிருந்து கண்டவற்றை அவர் வரிசைப்படுத்தினார். கொப்புளம் தோன்றுவதற்கு முன்பே வரும் காய்ச்சல், மூக்கில் அரிப்பு, உறக்கத்தில் திடுக்கிடல் ஆகியவற்றைக் குறித்தார். முதுகுவலி மிகுந்திருந்தால் அது பெரியம்மையின் அறிகுறி. மனக்கலக்கமும் குமட்டலும் மிகுந்திருந்தால் அது தட்டம்மையின் அறிகுறி என்று வேறுபடுத்தினார். ஆய்வுக்கூடமோ நுண்ணோக்கியோ இல்லாத காலத்தில், கண்ணும் கையும் மட்டுமே கருவியாக நின்ற ஒரு மருத்துவர் எட்டக்கூடிய எல்லை இது.

அதன்பின் அவர் ஒரு வினாவை முன்வைத்தார். இந்நோய் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் பற்றுவது ஏன்? வளர்ந்தோரிடம் அரிதாக வருவது ஏன்? முதியோரிடம் அதனினும் அரிதாவது ஏன்? அவர் தந்த விடை அக்காலத்து உடற்கூறுக் கொள்கையைத் தழுவியது. குழந்தையின் இரத்தம் புதிதாகப் பிழிந்த திராட்சைச் சாற்றைப் போன்றது; அது பக்குவமடையும்பொழுது நொதித்துப் பொங்க வேண்டும்; அப்பொங்குதலே அம்மையாக வெளிப்படுகிறது; ஒருமுறை பொங்கி அடங்கிய சாறு மீண்டும் பொங்காது போலவே, அம்மை கண்டு தேறிய உடலும் மீண்டும் அதற்கு இடம் கொடாது என்றார். குழந்தைப் பருவத்தில் நோய் மிக இலேசாக வந்து போனால், அப்பக்குவம் முழுமையடையாமையால் இளமையில் அது மறுபடியும் வரக்கூடும் என்றும் சேர்த்துக் கூறினார்.

நோய் எதிர்ப்பாற்றலின் வரலாற்றை எழுதிய அறிஞர்கள், ஒருமுறை வந்த நோய் ஏன் திரும்ப வருவதில்லை என்பதற்குத் தரப்பட்ட முதற் கோட்பாடாக இதனை மதிக்கின்றனர். இந்நூல் ஐரோப்பாவில் நெடுங்காலம் பயிலப்பட்டது. 1747 இல் இலண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மீட் தம் பெரியம்மை நூலுடன் இதன் இலத்தீன் மொழிபெயர்ப்பையும் சேர்த்து வெளியிட்டார். 1766 இல் ஜான் சானிங் அரபு மூலத்தையும் இலத்தீன் மொழிபெயர்ப்பையும் ஒருசேர அச்சிட்டார். 1848 இல் கிரீன்ஹில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

விடை பிழை, வினா பிழையன்று

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். 'தடுப்பூசியின் தந்தை அர்-ராஸீ' என்பது போன்ற வாசகங்களை நம் மேடைகளில் கேட்கிறோம். நம் சிறப்பு மலர்களிலும் படிக்கிறோம். அது உண்மையன்று. அவர் தடுப்பு முறை எதனையும் கண்டுபிடிக்கவில்லை. நோயின் வேரை அவர் புறத்தே தேடவில்லை; குழந்தையின் இரத்தத்திலேயே தேடினார். நொதித்தல் என்னும் அவருடைய விளக்கம் இன்று நிலைக்கவில்லை.

ஆனால் இதனைச் சொல்வதால் அவர் சிறுமையடைய மாட்டார். ஏனெனில் தம் ஆசான்களின் பிழையைச் சுட்டுவதை அவரே கடமையாகக் கொண்டிருந்தார். 'அஷ்ஷுகூக் அலா ஜாலீனூஸ்' என்பது அவருடைய மற்றொரு நூல். மருத்துவத்தில் தாம் வேறெவரினும் மிகுதியாகக் கடன்பட்டிருப்பது ஜாலீனூஸுக்கே என்று அதில் ஒப்புக்கொண்டு, மருத்துவக் கலை ஒருவரின் சொல்லைக் கண்மூடி ஏற்பதற்கு இடம் தராது என்னும் கருத்தையும் உடன்வைத்து, அப்பேராசானிடம் தமக்குள்ள ஐயங்களை வரிசையாக எழுதினார். ஆசானை மதிப்பதும் அவர் பிழையைத் திருத்துவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று காட்டியவரை, பிழையே இல்லாதவராக்கிப் போற்றுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

உடலின் நினைவு

அர்-ராஸீயின் வினாவுக்கு இன்றைய அறிவு தரும் விடையைச் சுருக்கமாகக் காண்போம்.

நோய்க்கிருமியை முதலில் எதிர்கொள்வது தோலும், மூக்கு, தொண்டை, குடல் ஆகியவற்றின் ஈரமான உட்படலமும் ஆகும். இவற்றைக் கடந்து உள்ளே நுழையும் கிருமியை, எந்த அந்நியப் பொருளையும் விழுங்கும் இயல்புடைய வெள்ளணுக்கள் சூழ்ந்துகொள்கின்றன. 1882 இல் இத்தாலியின் மெஸ்ஸினா நகரில், ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் முள்ளைச் செருகிய ருஷ்ய விலங்கியலாளர் மெச்னிகாப், மறுநாள் அம்முள்ளைச் சுற்றி நகரும் அணுக்கள் குழுமியிருப்பதைக் கண்டார். இப்பாதுகாப்பு பிறவியிலேயே வாய்ப்பது, விரைவானது. ஆனால் வந்த பகைவன் இன்னான் என்பதை அது நெடுங்காலம் மனத்தில் இருத்துவதில்லை.

நினைவில் இருத்துவது இரண்டாம் அணி. எலும்பு மஜ்ஜையில் முதிரும் பி அணுக்களும், மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் முதிரும் டி அணுக்களும் அவ்வணியைச் சேர்ந்தவை. இவ்வணுக்கள் ஒவ்வொன்றும் ஒரு தனி வடிவத்தை மட்டுமே அடையாளம் காணவல்லது. மனிதனிடம் உள்ள மரபணுக்கள் சுமார் 20,000 மட்டுமே. அவ்வாறாயின், எண்ணற்ற கிருமிகளுக்கு ஏற்ற எண்ணற்ற வடிவங்கள் எங்கிருந்து வந்தன? சில மரபணுத் துண்டுகளை வெட்டி, ஒவ்வோர் அணுவிலும் வெவ்வேறு வகையில் ஒட்டி உடல் இவ்வடிவங்களை ஆக்குகிறது என்று ஜப்பானிய அறிஞர் சுசுமு டோனெகாவா கண்டறிந்தார். இதற்காக 1987 இல் நோபல் பரிசு பெற்றார். ஆகவே, கிருமி வருவதற்கு முன்பே அதற்குப் பொருந்தும் அணு உடலில் எங்கோ ஓரிடத்தில் காத்திருக்கிறது. கிருமி வந்து பொருந்தியதும் அந்த ஓரணு பல்கிப் பெருகுகிறது. அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். அந்நாட்களில்தான் நோயாளி காய்ச்சலில் துவள்கிறார். போர் முடிந்தபின் பெரும்பாலான அணுக்கள் மடிய, சில மட்டும் நினைவணுக்களாக எஞ்சுகின்றன. அதே கிருமி மறுமுறை நுழைந்தால், நோய் தலைதூக்குமுன்பே அவை அதனை முறியடித்துவிடுகின்றன.

இந்நினைவு எவ்வளவு காலம் நீடிக்கும்? வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாரோ தீவுகளில் 1781 இல் தட்டம்மை பரவி அடங்கியது. அதன்பின் 65 ஆண்டுகள் அந்நோய் அத்தீவுகளை எட்டிப் பார்க்கவில்லை. 1846 இல் அது மீண்டும் வந்தபோது ஏறத்தாழ 7,800 மக்களுள் சுமார் 6,000 பேரைப் பற்றியது. ஆய்வு செய்யச் சென்ற டேனிய மருத்துவர் பீட்டர் பானும், 1781 இல் நோய் கண்டு தேறிய முதியவர்களுள் ஒருவர்கூட மறுபடி நோயுறவில்லை என்று கண்டு எழுதினார். 1918 ஆம் ஆண்டின் பெருங்காய்ச்சலைக் கடந்து வாழ்ந்தவர்களின் இரத்தத்தில், 90 ஆண்டுகளுக்குப் பின்னரும் அக்கிருமியை வெல்லும் எதிர்ப்புப் பொருள்கள் இருப்பதை 2008 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

இவ்வாற்றலுக்குக் கடிவாளமும் உண்டு. தன் உடலையே பகையெனக் கருதித் தாக்கும் அணுக்களை அடக்கிவைக்கத் தனியொரு வகை டி அணுக்கள் உள்ளன. இதனை விளக்கிய மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் 2025 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. தாக்குதலும் தடுத்தாட்கொள்ளலும் ஒரு தராசின் இரு தட்டுகள் போல் நிற்கும் இவ்வமைப்பைக் காணுந்தோறும், படைப்பில் அமைந்த 'மீஸான்' என்னும் சமநிலையை எண்ணாதிருக்க நம்மால் இயலவில்லை.

இஸ்தான்பூலின் மூதாட்டியர்

உடலின் நினைவைப் பற்றி ஏதும் அறியாமலேயே அதனைப் பயன்படுத்திக்கொள்ளும் வழியை மக்கள் கண்டுபிடித்திருந்தனர். இலேசாக அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து சீழ் எடுத்து, நலமாயிருப்பவரின் தோலைக் கீறி அதில் வைத்தால், அவருக்கு நோய் மென்மையாக வந்து போகும். பின்பு ஆயுள் முழுதும் வாராது. சீனாவில் பொருக்கைப் பொடித்து மூக்கில் ஊதினர். வங்காளத்திலும் ஆப்பிரிக்காவிலும் தோலைக் கீறும் வழக்கம் இருந்தது. எனவே, இதனை ஒரு மதத்தார் மட்டும் உரிமை கொண்டாட முடியாது.

ஆயினும் ஐரோப்பா இதனைக் கற்றுக்கொண்டது பெரும்பாலும் உஸ்மானியத் தலைநகரிலிருந்தே. சர்க்காஸியர், ஜார்ஜியர் முதலியோர் வழியாக இஸ்தான்பூலில் பரவிய இவ்வழக்கத்தை, அங்கு வாழ்ந்த கிரேக்க மருத்துவர் இமானுவேல் டிமோனி இலண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதினார். அம்மடல் 1714 இல் அச்சங்கத்தில் படிக்கப்பட்டது. அங்கிருந்தோர் அதனை வியப்புச் செய்தியாகக் கேட்டுவிட்டு மறந்தனர்.

மறவாதவர் ஒரு பெண்மணி. ஆங்கிலேயத் தூதரின் மனைவி லேடி மேரி வொர்ட்லி மொண்டேகு பெரியம்மைக்குத் தம் உடன்பிறந்தானைப் பறிகொடுத்தவர். தாமும் அந்நோயில் சிக்கி இமைமயிரை இழந்தவர். 1717 இல் எதிர்னே நகரிலிருந்து எழுதிய மடலில், கொட்டை ஓட்டில் அம்மைச் சீழைக் கொண்டுவந்து ஊசியால் குத்தும் மூதாட்டியரைப் பற்றி விவரித்தார். மறு ஆண்டு இஸ்தான்பூலில் தம் மகனுக்கு அம்முறையில் அம்மை குத்தச் செய்தார். குத்தியவர் ஒரு கிரேக்க மூதாட்டி. அவர் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

1721 இல் இலண்டனில் பெரியம்மை பரவியபோது லேடி மேரி தம் மகளுக்கும் அம்மை குத்தச் செய்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் நியூகேட் சிறையில் ஆறு கைதிகளுக்கு, விடுதலை தருவதாக வாக்களித்து, இம்முறை சோதிக்கப்பட்டது, அறுவரும் பிழைத்தனர். 1722 இல் அரச குடும்பத்துப் பெண் குழந்தைகளுக்கும் குத்தப்பட்டது. திரிப்போலியின் தூதராக இலண்டன் வந்திருந்த காசிம் ஆகா, தம் நாட்டிலும் தூனிஸ், அல்ஜீரியா ஆகிய இடங்களிலும் இவ்வழக்கம் தொன்றுதொட்டு உள்ளது என்று அளித்த சான்று 1729 இல் அங்கு அச்சேறியது.

அதே 1721 இல் அட்லாண்டிக்கின் மறுகரையில் பாஸ்டன் நகரமும் பெரியம்மையால் வாடியது. அங்கு அம்மை குத்துதலை வலியுறுத்தியவர் காட்டன் மாதர் என்னும் பாதிரியார். அவருக்கு அதனைக் கற்பித்தவர் அவரிடம் அடிமையாக இருந்த ஒனேசிமஸ் என்னும் ஆப்பிரிக்கர். தம் நாட்டில் தமக்கு அவ்வாறு குத்தப்பட்டதைக் கூறித் தழும்பையும் காட்டியவர். மருத்துவர் பாய்ல்ஸ்டன் 240 பேருக்குச் சற்று மேற்பட்டோருக்குக் குத்தினார். அவர்களுள் அறுவர் இறந்தனர். குத்தாமல் நோயுற்ற ஏறக்குறைய 6,000 பேருள் 844 பேர் இறந்தனர்.

இந்த எண்களில் ஒரு சங்கடமும் உண்டு. அம்மை குத்தியதால் இறந்த அறுவரும் மனிதர்களே. இம்முறையில் உண்மையான பெரியம்மைக் கிருமியே உடலில் ஏற்றப்பட்டது. குத்திக்கொண்டவரிடமிருந்து பிறருக்கும் நோய் பரவக்கூடும். எனவே, அஞ்சி எதிர்த்தவர் எல்லாரும் மூடர் அல்லர் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். அச்சத்தைத் தீர்த்தது ஏளனம் அன்று. எண்ணிக் கணக்கிட்டுக் காட்டிய சான்றும், இதனினும் பாதுகாப்பான முறையும் ஆகும்.

பஸரா வழியாக வந்த மருந்து

1796 மே 14 அன்று ஆங்கில மருத்துவர் எட்வர்ட் ஜென்னர், பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்து நீரை ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவனின் கையில் கீறி வைத்தார். பின்பு பெரியம்மைச் சீழைக் குத்தியும் அச்சிறுவனுக்கு நோய் வரவில்லை. மாட்டம்மைக் கிருமி பெரியம்மைக் கிருமிக்கு உறவு. ஆனால் மனிதரை அவ்வளவாக வருத்தாதது. உடலின் நினைவணுக்கள் ஒன்றைக் கற்று, அக்கல்வியால் மற்றொன்றையும் இனங்கண்டன.

குளிர்பெட்டி இல்லாத அக்காலத்தில் இந்த அம்மைப்பாலைத் தொலைநாடுகளுக்குக் கொண்டுசெல்வது எளிதாக இல்லை. கடல்வழியாக இந்தியாவுக்கு அனுப்பியது வழியிலேயே வீரியம் இழந்தது. இறுதியில் வியன்னா நகரத்து மருத்துவர் ழான் டி காரோ, அம்மைப்பாலில் தோய்த்த நூலிழையைக் கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்து மெழுகால் மூடி, இஸ்தான்பூல் வழியே பக்தாதுக்கு அனுப்பினார். பக்தாதில் அது குழந்தைகளின் கைகளில் உயிர்பெற்றது. அங்கிருந்து பஸராவுக்கும், பஸராவிலிருந்து கப்பலில் பம்பாய்க்கும் வந்தது. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் ஆனா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுச் சிறுமியின் கையில் அது பலித்தது. இந்திய மண்ணில் அம்மைப்பால் பலித்த முதற் குழந்தை அவளே. அவள் கையிலிருந்து எடுத்தது பிற குழந்தைகளின் கைகளுக்கும், பின்பு சென்னை மாகாணத்துக்கும் இலங்கைக்கும் பரவியது.

அர்-ராஸீ பணியாற்றிய பக்தாத், ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் அவருடைய நோய்க்கான காப்பினை இந்தியாவுக்கு வழங்கும் வாயிலாயிற்று. ஆனால் அவ்வேளையில் அது பிறர் கண்டதைக் கடத்திய நகரமேயன்றித் தானே கண்ட நகரமாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நம் மாநிலத்தில் 1899 இல் கிண்டியில் தொடங்கப்பட்ட கிங் நிலையம் அம்மைப்பால் தயாரிப்பதையே முதற்பணியாகக் கொண்டிருந்தது. அம்மை குத்துபவர் ஊருக்குள் வரும் செய்தி கேட்டுக் குழந்தைகளை ஒளித்துவைத்த கதைகளை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். எல்லாச் சமூகத்தாரிடமும் அவ்வச்சம் இருந்தது.

மெர்க்கா நகரத்துச் சமையற்காரர்

பெரியம்மையின் கொடிய வகை இயற்கையாகத் தாக்கிய கடைசி மனிதர், வங்காளதேசத்தின் போலா தீவைச் சேர்ந்த ரஹீமா பானு என்னும் குழந்தை. 1975 அக்டோபரில் அவளுக்கு நோய் கண்டது. அதனை அதிகாரிகளுக்குத் தெரிவித்தவள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. ரஹீமா பிழைத்தாள்.

சற்று வீரியம் குறைந்த மற்றொரு வகை ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையில் மேலும் இரண்டு ஆண்டுகள் நீடித்தது. 1977 அக்டோபரில் சோமாலியாவின் மெர்க்கா நகரத்து மருத்துவமனைக்கு, நோயுற்ற இரு குழந்தைகளுடன் ஒரு வண்டி வழி கேட்டு வந்தது. அங்குச் சமையற்காரராக இருந்த அலீ மாஊ மாலின் என்னும் இளைஞர் வண்டியில் ஏறி வழிகாட்டினார். சில நிமிடப் பயணமே அது. அவருக்கு நோய் தொற்றியது. மருத்துவமனையில் பணியாற்றியும் அவர் அம்மை குத்திக்கொள்ளவில்லை. ஊசி வலிக்கும் என்று அஞ்சித் தவிர்த்துவிட்டதாகப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

அவர் பிழைத்தார். அவருடன் பழகியோர் அனைவரும் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டு அம்மை குத்தப்பட்டனர். நோய் அங்கேயே நின்றது. 1978 இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆய்வுக்கூடத்திலிருந்து நோய் பரவி ஒருவர் இறந்த நிகழ்வைத் தவிர, அதன்பின் உலகில் எவருக்கும் பெரியம்மை வரவில்லை. 1980 மே 8 அன்று அந்நோய் ஒழிந்ததாக உலக நலவாழ்வு அவை அறிவித்தது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடி மக்களைக் கொன்றதாக மதிப்பிடப்படும் நோய் அது.

மாலின் வாழ்க்கை அத்துடன் முடியவில்லை. பிற்காலத்தில் அவர் சோமாலியாவில் போலியோ ஒழிப்புப் பணியில் சேர்ந்தார். தயங்கிய பெற்றோரிடம் தம் கதையைக் கூறி, தாம் செய்த தவற்றை அவர்கள் செய்ய வேண்டாம் என்று வேண்டினார். 2013 இல் போலியோ மீண்டும் தலைகாட்டியபோது களத்துக்குச் சென்ற அவர், அப்பணியின் நடுவே மலேரியா கண்டு ஜூலை மாதத்தில் இறந்தார். நூல் எதுவும் எழுதாத, பட்டம் எதுவும் பெறாத அந்தச் சமையற்காரரை அர்-ராஸீயின் வழித்தோன்றல் என்று அழைக்க நாம் தயங்கவில்லை. தம் பிழையைத் தாமே கண்டு, அதனைப் பிறருக்குச் சொல்லும் துணிவு இருவருக்கும் பொதுவானது.

எஞ்சிய பாதி

அர்-ராஸீயின் நூல் இரண்டு நோய்களைப் பற்றியது. ஒன்று ஒழிந்தது. மற்றொன்றான ஹஸ்பா, நம் மணல்வாரி, இன்றும் உயிரோடிருக்கிறது. 1963 முதல் அதற்குத் தடுப்பூசி உண்டு. ஆயினும் 2023 இல் மட்டும் உலகில் சுமார் 1,07,500 பேர் தட்டம்மையால் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களுள் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

இந்நோயின் கொடுமை உடலின் நினைவையே அழிப்பதில் உள்ளது. தட்டம்மைக் கிருமி நினைவணுக்களுக்குள் நுழைந்து அவற்றைக் கொல்கிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத குழந்தைகளிடம் நோய்க்கு முன்பும் பின்பும் எடுத்த இரத்தத்தை ஆராய்ந்து 2019 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பிற கிருமிகளுக்கு எதிராக அக்குழந்தைகள் சேர்த்துவைத்திருந்த எதிர்ப்புப் பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை அழிந்திருந்தமை தெரியவந்தது. மணல்வாரி இறங்கியபின்னும் குழந்தை பல மாதங்கள் ஏதேனும் ஒரு நோயில் நலிந்துகொண்டிருக்கும் என்று பெரியோர் சொல்லிவந்ததன் காரணம் இப்போது விளங்குகிறது.

அவ்வாய்வில் இடம்பெற்ற குழந்தைகள், மதக் காரணத்தால் தடுப்பூசியை மறுக்கும் புராட்டஸ்டண்ட் கிறித்தவச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். எனவே, தயக்கம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதென்று பேசுவோர் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. நம் தயக்கத்துக்குச் சில உண்மைக் காரணங்களும் உள்ளன. நெருக்கடிநிலைக் காலத்தில் நடந்த கட்டாயக் கருத்தடையை வட இந்திய முஸ்லிம்கள் மறக்கவில்லை. 2011 இல் பாகிஸ்தானின் அபோத்தாபாத் நகரில் அமெரிக்க உளவுத்துறை தடுப்பூசி முகாம் என்னும் போர்வையில் உளவு பார்த்தது. 2014 இல்தான் இனி அவ்வாறு செய்வதில்லை என்று அந்நாடு உறுதி கூறியது. அந்த வஞ்சகத்துக்கான விலையை உளவாளிகள் கொடுக்கவில்லை. சொட்டு மருந்து கொடுக்கச் சென்று சுட்டுக்கொல்லப்பட்ட பணியாளர்களும், காலிழந்த குழந்தைகளும் கொடுத்தனர்.

ஆனால் நியாயமான ஐயத்துக்கு விடை தேட வேண்டும்; விடை கிடைத்தபின் அதனை ஏற்க வேண்டும். சில தடுப்பூசிகளில் சேர்க்கப்படும் ஜெலட்டின் பற்றிய கேள்வி நியாயமானது. 1995 இல் குவைத்தில் கூடிய நூற்றுக்கும் மேற்பட்ட இஸ்லாமிய அறிஞர்கள் அதனை ஆராய்ந்து, மூலப்பொருளின் தன்மை முற்றிலும் மாறிவிடுவதால் அது தூய்மையானதாகிறது என்ற முடிவுக்கு வந்தனர். உத்தரப்பிரதேசத்தில் போலியோ மருந்துக்கு எதிரான ஐயங்களைக் களைய அலீகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவும் பள்ளிவாசல் இமாம்களும் தோள்கொடுத்தனர். 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் இயற்கைப் போலியோ கிருமியால் எந்தக் குழந்தையும் முடமாகவில்லை. 2014 இல் நாடு போலியோ அற்றதாகச் சான்று பெற்றது.

அதற்குப் பின்னரும், 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, ஆதாரமற்ற கைப்பேசிச் செய்திகள் எல்லாச் சமூகத்தாரிடையேயும் பரவின. நம் குழுக்களிலும் அவை வலம்வந்தன. ஒரு செய்தியை அறிவித்தவர் யார், அவரிடம் கூறியவர் யார், அவர் நம்பத்தக்கவரா என்று ஆராய்வதைத் தனிக் கலையாகவே வளர்த்த சமூகம் நம்முடையது. அவ்வாராய்ச்சியில் ஒரு சிறு பங்கைக்கூடச் செலுத்தாமல், குழந்தையின் உயிர் தொடர்பான செய்தியை நம்மில் பலர் முன்னனுப்பினோம்.

தட்டம்மை கண்ட ஒருவர், காப்பில்லாத 12 முதல் 18 பேர் வரை தொற்றவைக்கக் கூடியவர். அதனைத் தடுத்து நிறுத்த நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகளாவது காப்புப் பெற்றிருக்க வேண்டும். ஊசி போடும் வயதை எட்டாத கைக்குழந்தைக்கும், புற்றுநோய் மருத்துவத்தால் எதிர்ப்பாற்றல் குன்றிய சிறுவனுக்கும் சுற்றியிருப்போரின் காப்பே காப்பு. ஆகவே, இது நம் குழந்தையின் நலன் மட்டுமன்று. அண்டை வீட்டாரின் உரிமையும் ஆகும்.

நம்மிடையே ஐம்பது வயதைக் கடந்தோரின் கையில் வட்டமான ஒரு தழும்பு இருக்கும். பெரியம்மைக்குக் குத்திய அம்மைப்பால் விட்டுச்சென்ற அடையாளம் அது. இன்றைய இளைஞரின் கைகளில் அது இல்லை. அவர்களுக்கு அதன் தேவையும் இல்லாதொழிந்தது. அது என்ன என்று பேரப்பிள்ளைகள் கேட்கும்போது, ரய் நகரத்து மருத்துவரையும், கொட்டை ஓட்டில் சீழ் கொண்டுவந்த மூதாட்டியையும், அடிமை ஒனேசிமஸையும், பஸராவிலிருந்து வந்த கப்பலையும், மெர்க்காவின் சமையற்காரரையும் அவர்களுக்குச் சொல்வோம். சொல்லிவிட்டு, மணல்வாரிக்கான இரண்டு தவணை ஊசியும் அப்பிள்ளைகளுக்குப் போட்டாயிற்றா என்று அவர்களின் தாய் தந்தையரிடம் கேட்போம்.